நான் வாங்கிய த்ரீ ஒன் ஃபைவ்

பட்டியில் பதினோரு ஆடுகள் செத்துக் கிடந்த அன்று நான் பென்னாகரத்தில் டிராக்டருக்கு டீசல் பிடித்துக்கொண்டிருந்தேன். மனைவி போன் செய்தாள். "ஏங்க, சீக்கிரம் வாங்க" என்றாள். நான் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவன். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கேனை பங்க்கிலேயே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவள் ரேஷன் கடைக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. பட்டப்பகல். அதற்குள் முள்வேலியின் ஒரு மூலையில் மண்ணைப் பறித்துக்கொண்டு ஏதோ உள்ளே புகுந்திருந்தது. ஆடுகள் பயந்து எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். அப்படியே குவிந்து கிடந்தன. சிலவற்றுக்குத் தொண்டையில் கடி, சிலவற்றுக்குப் பின்தொடையில். எதையும் தின்றிருக்கவில்லை. ஒரு கிடாக்குட்டி மட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உயிரோடு ஒண்டிக்கொண்டிருந்தது. மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் லீவில் வந்து போகிறவனாக இருந்த காலமெல்லாம் அவளோடு இருந்தவை அந்த ஆடுகள்தான்.

கால்நடை டாக்டர் மாலையில் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "நாய்ங்க. நாலஞ்சு சேர்ந்து வந்திருக்குது" என்றார்.

என் மனைவியின் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் நிலத்தை அடுத்த காடு அவனுடையது. "நாயாவது, பதினோரு ஆட்ட அடிக்கிறதாவது. நரிங்க சார். கரட்டு மேல தெனமும் ஊளை கேக்குது."

"நரியா இருந்தா ஒண்ணத் தூக்கிட்டுப் போயிருக்கும். இது வெறிக்குக் கடிச்சிருக்குது."

டாக்டர் சொன்னதை ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. நாய் என்றால் அது யாரோ ஒருவர் வீட்டு நாயாக இருக்கும். நரி என்றால் யாருடையதும் இல்லை.

நான்கு நாள் கழித்து இன்னொருவர் காட்டில் இரண்டு ஆடுகள் போயின. அதற்கடுத்த வாரம் ஒரு கன்றுக்குட்டியின் காதும் மூக்கும் கிழிந்தன. டீக்கடையில் எல்லோரும் என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். "மிலிட்ரி, உங்ககிட்டத்தான் லைசென்ஸ் இருக்குதுல்ல?" என்று கேட்டார்கள்.

இருந்தது. பென்ஷன் வாங்கி வந்த புதிதில் பேங்க் காவல் வேலைக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை. லைசென்ஸ் மட்டும் பீரோவில் இருந்தது. துப்பாக்கி வாங்குவதற்கான கெடு முடிய இன்னும் இரண்டு மாதம்தான்.

"துப்பாக்கி நம்ம வூட்டுக்குள்ள வர வேணாங்க" என்றாள் மனைவி. "கம்பி வேலி போட்டுக்கலாம். நாலு பக்கமும் காரை போட்டு, அடியில தோண்ட முடியாதபடி பண்ணிக்கலாம்."

"வேலி போட்டா நம்ம ஆடு தப்பிக்கும். ஊரு ஆடு?"

"ஊரப் பத்தி இவ்ளோ நாளு நீங்க கவலப்பட்டு நான் பாக்கலியே."

அவள் சொன்னது சரிதான். ஆனால் ஊரே ஒரு காரியத்துக்காக என்னைப் பார்த்தது அதுதான் முதல்முறை. திரும்பி வந்த நாளிலிருந்து நான் விவசாயத்தில் கற்றுக்குட்டி. என் தக்காளி நாற்று வாடினால் சின்னப் பிள்ளைகள்கூட யோசனை சொல்வார்கள். துப்பாக்கி என்று வந்தபோது மட்டும் எல்லோரும் நான் சொல்வதைக் கேட்கத் தயாராக இருந்தார்கள். மறுநாள் காலை மைத்துனனோடு சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

துப்பாக்கிக் கடையை ஓர் அம்மாள் நடத்திவந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு என் லைசென்ஸை ஒவ்வொரு வரியாகப் படித்தார். துப்பாக்கி, ரைபிள் இரண்டில் ஒன்றை வாங்கலாம் என்று அதில் இருந்தது.

"எதுக்கு சார்?"

"காவலுக்கு."

"எதுகிட்ட இருந்து காவல்?"

நான் பதில் சொல்லும் முன் மைத்துனன் முந்திக்கொண்டான். "நரிங்க. ஆட்ட அடிக்குது."

"நரியச் சுட்டா ஃபாரஸ்ட் கேஸ். நாயச் சுட்டா போலீஸ் கேஸ். தெரியுமில்லீங்களா?" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, கண்ணாடி மேசைமேல் மூன்று தோட்டாக்களை நிற்க வைத்தார்.

முதலாவது பாயிண்ட் டூ டூ. என் சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. சத்தம் கம்மி, அதிர்வே இருக்காது, அந்த அளவு மிருகத்துக்குக் கிட்டத்திலிருந்து அடித்தால் போதும் என்றார். இரண்டாவது டுவெல்வ் போர். சிவப்புக் குப்பி போன்ற தோட்டா. உள்ளே ஈயச் சில்லுகள். நாற்பது ஐம்பது மீட்டருக்குள் சிதறி அடிக்கும். அதற்கப்பால் வலு குறைந்துவிடும். மூன்றாவது த்ரீ ஒன் ஃபைவ் ரைபிள் தோட்டா. பித்தளை உடம்பும் கூரிய முனையுமாக என் நடுவிரல் நீளத்துக்கு நின்றது. ராணுவத்தில் நான் முதலில் தூக்கிய ரைபிளின் தோட்டாவை அப்படியே நினைவுபடுத்தியது. என் கை தானாக அதை எடுத்தது.

"எவ்வளவு தூரத்துல நின்னு சுடுவீங்க?"

"நூறு, நூத்தம்பது மீட்டர். அதுக்கு மேல கிட்ட வராது."

"பின்னாடி என்ன இருக்கும்?"

"எதுக்குப் பின்னாடி?"

"நீங்க சுடப்போற மிருகத்துக்குப் பின்னாடி. இது ரெண்டு கிலோமீட்டர் தாண்டியும் போகும் சார். குறி தப்புனாலும் போகும், பட்டுத் தொளைச்சாலும் போகும்."

எனக்குச் சுருக்கென்றது. பதினேழு வருடத்தில் எத்தனையோ பேருக்கு ஃபயரிங் ரேஞ்சில் நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. "கரடு இருக்குதுங்க. மண்ணு தாங்கிக்கும்" என்றேன்.

"கரட்டுக்கு அந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல."

அது பொய். எங்கள் நிலம் தெற்கே மேடேறிப் போய் ஒரு கரட்டில் முடியும். பெரிய மலையெல்லாம் இல்லை; பாறையும் உண்ணிச்செடியும் மண்டிய ஒரு மேடு. அதற்கு அந்தப் பக்கச் சரிவில் ஒரு மண்பாதை உண்டு. கன்னடம் பேசுகிற குடும்பங்கள் இருக்கும் சிற்றூரிலிருந்து பால் சொசைட்டிக்கு வருகிற குறுக்கு வழி அது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த அம்மாள் டுவெல்வ் போரை என் பக்கம் நகர்த்தினார். "நான் சொல்றதக் கேளுங்க. இதுல சின்னச் சில்லு போட்டு எடுத்துக்குங்க. சத்தத்துக்கே ஓடிரும். எரநூறு மீட்டர் தாண்டிப் போய் யாரையும் ஒண்ணும் பண்ணாது."

"மாமா, அதெல்லாம் கொக்கு சுடறது. வாங்கறதுன்னா ரைபிளா வாங்குங்க" என்றான் மைத்துனன் காதோரமாக.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டுவெல்வ் போர் இரட்டைக் குழலைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனால் ஏ.டி.எம். வாசலில் உட்காருகிற ஆள்போல இருக்கும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று அந்த மேசையின் முன்னால் நடந்தது அதுதான். த்ரீ ஒன் ஃபைவ் ரைபிளும் பத்துத் தோட்டாவும் வாங்கினேன். கலெக்டர் ஆபீஸில் காட்டிப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தோம்.

முதல் இரண்டு நாள் காலையில் காட்டில் காத்துக் கிடந்தும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் ஆறரை மணி இருக்கும். நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. அறுவடை முடிந்த கேழ்வரகுக் காட்டின் வரப்பில் நான் குப்புறப் படுத்திருந்தேன். மைத்துனன் என் இடது பக்கம். ரைபிளில் ஒரு தோட்டா ஏறியிருந்தது. தரை ஈரமாக இருந்து சட்டை மார்போடு ஒட்டிக்கொண்டது.

கரட்டுச் சரிவில் உண்ணிச்செடி அசைந்தது. முதலில் ஒன்று வந்தது. பிறகு இரண்டு. மொத்தம் ஐந்து. செம்மண் நிறத்தில், காதைத் தூக்கிக்கொண்டு, மூக்கால் தரையைத் தடவிக்கொண்டு வந்தன. நாய்கள்தான். அந்தத் தூரத்திலிருந்தே நடையில் தெரிந்தது. கீழே எங்கள் பட்டியில் மிச்சமிருந்த குட்டி கத்த ஆரம்பித்தது.

"மாமா, அடிங்க" என்றான்.

"இரு. கீழ எறங்கட்டும்."

கீழே இறங்கினால் அவற்றுக்குப் பின்னால் மண்சரிவு இருக்கும். தோட்டா அதில் புதைந்துபோகும். அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் முன்னால் வந்த பெரிய நாய் நின்றது. காற்று திரும்பியிருக்க வேண்டும். தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறியது. மற்றவையும் அதன் பின்னால் ஏறின.

"போவுது மாமா, போவுது. அடிங்க!"

பெரிய நாய் கரட்டு முகட்டில் போய் நின்று திரும்பிப் பார்த்தது. அதன் காலுக்கு அடியில் பாறை. பின்னால் வானம். வெறும் வானம். குறிக்குப் பின்னால் வானம் தெரிந்தால் விசையைத் தொடாதே என்று நானே இளைஞர்களைத் திட்டியிருக்கிறேன். மூன்று நாளாகப் படுத்துக் கிடந்த எரிச்சல், ஊர்க்காரர்களின் பார்வை, காதுக்குள் இவன் குரல். விசையை அழுத்திவிட்டேன்.

நாய் அதே நொடியில் குதித்து மறைந்தது. சத்தம் கரட்டில் மோதித் திரும்பியது. அதோடு இன்னொரு சத்தமும் வந்தது. கல்லில் பட்டுச் சீறிப் போகிற சத்தம். எனக்கு அது பழக்கமானது. அதற்குப் பிறகு, கரட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு பெண்ணின் அலறல்.

ஒரே ஓர் அலறல். பிறகு எதுவும் இல்லை.

மைத்துனன் என் தோளைப் பிடித்து இழுத்தான். அவன் உதடு வெளுத்துவிட்டது. "வாங்க மாமா, வூட்டுக்குப் போயிடலாம். யாரும் பாக்கல."

நான் ரைபிளைத் திறந்து காலித் தோட்டாவைத் தட்டிவிட்டு, ரைபிளை அவன் கையில் திணித்தேன். கரட்டை நோக்கி ஓடினேன். நூற்றைம்பது மீட்டர்தான். ஏற ஏறப் பாறை சறுக்கியது, உண்ணிமுள் கையைக் கிழித்தது. இன்னொரு தடவை கத்தமாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஏறினேன். கத்தினால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

முகட்டில் நின்று கீழே பார்த்தேன். மண்பாதையில் ஒரு பால் கேன் கவிழ்ந்து கிடந்தது. செம்மண்ணில் பால் ஓடி ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது. ஒரு செருப்பு. ஆளைக் காணோம்.

"யாருங்க? யாரு அங்க?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

பாதையோரப் பாறைக்குப் பின்னாலிருந்து "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிடும் முனகல் கேட்டது. சறுக்கிக்கொண்டே இறங்கினேன். தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற பெண்தான். எனக்கு முகம் தெரியும். நாற்பது வயதிருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். விரல்களுக்கிடையில் ரத்தம் வழிந்து சேலை முன்பக்கம் நனைந்திருந்தது.

"கைய எடும்மா. நான் பாக்கறேன். கைய எடும்மா."

கையை எடுத்தார். வலது கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே, கன்னத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது. கண் முழுதாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். தோட்டா முகட்டுப் பாறையில் உரசிக் கீழ்நோக்கித் திரும்பி, அவருக்குப் பக்கத்துப் பாறையில் பட்டுப் போயிருக்கிறது. பாறைச் சில்லு தெறித்துக் கன்னத்தில் அடித்திருக்கிறது. வெள்ளையாகப் பெயர்ந்த தடம் அந்தப் பாறையில் தெரிந்தது. நான் பார்த்துவிட்டேன். அவர் பார்க்கவில்லை.

"மிலிட்ரி அண்ணா, ஏனு சத்தம் அது? குவாரில வெடி வெச்சிட்டாங்களா? இவ்ளோ கிட்டவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்து சேர்ந்த மைத்துனன் சொன்னான். அவன் கையில் ரைபிள் இல்லை. எங்கோ மறைத்துவிட்டு வந்திருந்தான். "ஆமாக்கா, குவாரி வெடிதான். கல்லு வந்து அடிச்சிருச்சி."

ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கல் குவாரி ஒன்று இருந்தது. வெடிச் சத்தம் வழக்கமாகக் கேட்கும். அவர் தலையாட்டினார். நான் என் துண்டை மடித்து அவர் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். எதுவும் சொல்லவில்லை.

பென்னாகரம் அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். அந்தப் பெண் குவாரி என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். தையல் போடும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாகப் பிடித்திருந்தார். கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை.

அன்று மாலை மைத்துனன் வீட்டு நாய் நொண்டிக்கொண்டு வந்து வாசலில் படுத்தது. அந்தப் பெரிய செம்மண் நிற நாய் அதுதான். முகட்டிலிருந்து குதித்ததில் முன்காலில் அடிபட்டிருந்தது. அதன் தாடை மயிரில் காய்ந்த ரத்தம் இருந்தது. வாயில் காயம் எதுவும் இல்லை, அது வேறொன்றின் ரத்தம். மைத்துனன் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சங்கிலி எடுத்துவந்து கட்டினான்.

விஷயம் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தச் சிற்றூர்க்காரர்கள் குவாரிக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அங்கே வெடி வைக்கிறவர் கம்பைநல்லூர்க்காரர். அன்று காலை வெடியே வைக்கவில்லை என்று அவர் எவ்வளவோ சொல்லியும் யாரும் நம்பவில்லை. குவாரிக்காரர்கள் ஊர்ச்சண்டை வேண்டாம் என்று அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் இதை ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் அந்தப் பெண்ணும் இன்னும் மூன்று பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். கன்னத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது.

"மிலிட்ரி அண்ணா, நாளைக்குத் திங்கக்கெழம. கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. குவாரிய மூடச் சொல்லி மனு குடுக்கப் போறோம். நீங்க எழுதிக் குடுத்தா மதிப்பாங்க. அன்னிக்கு நீங்கதான வந்து என்னத் தூக்குனது. சாட்சிக்கு நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

கையில் வெள்ளைத்தாள் கொண்டுவந்திருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர்கள் நான்கு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். தாளின் மேல்பக்கம் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. பேனாவை உதறினேன். ஏதோ கிறுக்கிப் பார்த்தேன். வியர்வை மூக்கு நுனியிலிருந்து தாளில் சொட்டியது.

"பேனா தீந்துபோச்சும்மா. சாயங்காலத்துக்குள்ள எழுதி எடுத்துட்டு வந்து தரேன்."

"சரிங்கண்ணா. மறந்துடாதீங்க. பஸ்ஸு காலைல ஏழு மணிக்கு."

அவர்கள் போனதும் மனைவி வந்து மேசைமேலிருந்த பேனாவை எடுத்தாள். தன் உள்ளங்கையில் ஒரு கோடு போட்டாள். நீலமாக விழுந்தது.

"பேனா தீரல" என்றாள். "தோட்டாதான் கொறஞ்சிருக்குது. பத்து இருந்துச்சி. ஒம்போதுதான் இருக்குது."

"எண்ணுனியா?"

"அன்னிக்கே எண்ணுனேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பொம்பள வூட்டுக்காரரு லாரி ஓட்டறவரு. இன்னிக்கு வூட்ல இருப்பாரு. ரெண்டு பேரும் இருக்கும்போதே போய்ச் சொல்லுங்க. நானும் வரேன்" என்றாள்.

மாலை நாலு மணிக்குக் கரட்டைச் சுற்றி அந்தப் பாதை வழியாகவே நடந்தோம். மனைவி முன்னால் நடந்தாள். அவர்கள் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். தொப்பூர் இறக்கத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை பாரம் ஏற்றிய லாரியை இறக்குகிற மனிதர். தடித்த மணிக்கட்டு. "வாங்க அண்ணா, உங்களத் தேடி நானே வரணும்னு இருந்தேன். நீங்க மட்டும் அன்னிக்கு இல்லன்னா..." என்று ஆரம்பித்தார்.

"குவாரி இல்லீங்க" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. "நான்தான் சுட்டேன். நாயச் சுட்டேன். தோட்டா குறி தப்பி கரட்டுக்கு இந்தப் பக்கம் வந்துருச்சி. பாறையில பட்டுச் சில்லு தெறிச்சிருக்குது. தெரிஞ்சேதான் மறச்சேன்."

அவருக்குப் புரியச் சிறிது நேரமானது. சிரிப்பு முகத்திலிருந்து போகவேயில்லை, அப்படியே உறைந்து நின்றது. பிறகு தண்ணீர்க் குண்டானைக் கீழே போட்டுவிட்டு வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பொத்தான் இரண்டு தெறித்தன. என்னைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். என் மனைவி நகரவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"வுடுங்க" என்றார் அந்தப் பெண் கதவருகிலிருந்து. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். "ஆஸ்பத்திரில உங்க கையத்தான புடிச்சிட்டிருந்தேன்?"

"ஆமாம்மா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கணவர் சட்டையை விட்டார். "ஸ்டேஷனுக்கு நீங்களே போறீங்களா, நான் கூட்டிட்டுப் போகணுமா?" என்றார்.

நானே போனேன். அதே மாலை ரைபிளையும் ஒன்பது தோட்டாவையும் வரப்பில் தேடி எடுத்த காலித் தோட்டாவையும் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் நடுவில் நிறுத்தி, "நீங்களா வந்து குடுக்கறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். வழக்குப் போட்டார்கள். லைசென்ஸை ரத்து செய்தார்கள். குவாரியில் நிறுத்தப்பட்டவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அவரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பல தடவை கிளம்பியிருக்கிறேன். இன்றுவரை போகவில்லை. அது என் கோழைத்தனம்.

மைத்துனன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, தன் நாய்தான் முன்னால் நின்றது என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் தங்கள் நாய்களைப் பற்றி வாயைத் திறந்தார்கள். வளர்க்கிற நாய்களைப் பகலிலும் கட்டிப்போட வேண்டும் என்று முடிவாயிற்று. தெருவில் திரிந்தவற்றைப் பஞ்சாயத்து மூலம் பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்து கொண்டுவந்து விட்டார்கள். மனைவி சொன்ன கம்பி வேலியை நானும் மைத்துனனுமாகப் போட்டோம், அடியில் இரண்டடி ஆழத்துக்குக் கல் பதித்து. அந்தப் பக்கம் பிறகு எதுவும் வரவில்லை.

பல மாதம் கழித்துக் கோர்ட்டில் வழக்கு வந்தது. அந்தப் பெண்ணையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அதனால் அவரிடம் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. அபராதம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அதுவரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பாதையில் எதிர்ப்பட்டால் பால் கேனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு விலகிப் போய்விடுவார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவர் எனக்கு முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கன்னத்துத் தழும்பு இளஞ்சிவப்பாக, பளபளப்பாக இருந்தது. பாதி வழியில் திரும்பாமலே கேட்டார். "அன்னிக்கு நாயி எங்க நின்னுது?"

"முகட்டுல. ஒரு தட்டப் பாறை இருக்குதே, அதுமேல."

"நீங்க?"

"கீழ. கேவுரு காட்டு வரப்புல படுத்திருந்தேன்."

மனதுக்குள் அந்த இடத்தை அளந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அந்த எடத்துக்கு வரும்போது என் செருப்பு வாரு அத்துக்கிச்சி" என்றார். "கேன எறக்கி வெச்சிட்டு, குனிஞ்சி ஊக்கு மாட்டிட்டிருந்தேன். அப்பதான் சத்தம் கேட்டுது. கோர்ட்ல கேப்பாங்க, சொல்லலாம்னு இருந்தேன். கேக்கல."

அவர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஸ்டாப் வந்தது. இறங்குவதற்கு முன் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "உங்க வூட்டம்மா கெடா ஒண்ணு வளக்கறாங்கல்ல? எங்க வெள்ளாடு ரெண்டும் பருவத்துக்கு வந்திருக்குது. கெடாவோட சேக்க நாளைக்கு ஓட்டிட்டு வரேன்னு சொல்லுங்க."

"சொல்றம்மா" என்றேன்.

மறுநாள் காலை இரண்டு வெள்ளாடுகளையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். மனைவி பட்டிக் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். நான் வேலிக்கு வெளியே நின்றேன்.